மாமன் நிற்கும் இடம்

மார்செய், பிரான்ஸ்
10-03-1996

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் மூவரும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ரொறன்ரோவில் இன்னும் பனி கொட்டுகிறதாம். உங்கள் உடம்பை நினைத்துத்தான் எனக்கு யோசனை.

நல்ல செய்தி ஒன்று. போன செவ்வாய்க்கிழமை நிலாணி பெரியபிள்ளையாகிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் அனுப்பினார்கள். நான் வேலை செய்த உடுப்போடு ஓடினேன். வீட்டளவில் தண்ணீர் வார்த்துவிட்டோம். சடங்கை ஆடி பிறக்க முன்னர், ஜூலை 13ஆம் திகதி சனிக்கிழமை ஒரு மண்டபத்தில் வைக்க நாள் எடுத்திருக்கிறோம். பாரிஸிலிருந்து ஐயர் வருவார்.

அண்ணை, அவளுக்கு மாமன் என்று இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் தேங்காய் உடைத்த பிறகுதான் அவளுடைய தலையில் தண்ணீர் விழ வேண்டும். இவரும் அதையேதான் சொல்கிறார். "உன்ர கொண்ணை வராட்டி எனக்கு உந்தச் சடங்கே வேண்டாம்" என்று நேற்றும் சொன்னார். உங்களைக் கண்டு பதினொரு வருடமாகிவிட்டது. மறுக்காமல் வாருங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை,
கமலாம்பிகை

*

வோபர்ன், ஸ்காபரோ
14-04-1996

அன்புத் தங்கை கமலாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் உயிரோடு இருக்கிறேன். அதைச் சுகம் என்று எடுத்துக்கொள். யாழ்ப்பாணத்தில் பதினாறு வருடம் புவியியல் படிப்பித்தவன் இப்போது பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறேன். எனக்கு மேற்பார்வையாளனாக இருக்கிறவனுக்குத் தன் நாட்டின் தலைநகர் தெரியாது. அதனால் அவனுடைய சம்பளம் குறைந்துவிடவில்லை.

நான் வருகிறேன். கனேடியக் கடவுச்சீட்டு கையில் இருக்கிறது. இந்த முறை என்னை எந்த எல்லையிலும் ஒருவரும் மறிக்க முடியாது.

சில விவரங்களை எழுது. மண்டபம் எந்தத் தெருவில் இருக்கிறது? வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது? பிள்ளையைக் கொண்டுவரும் கார் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வரும்? எதிரே என்ன கடை? வரைபடம் இல்லாமல் ஒரு ஊருக்குள் கால் வைப்பது எனக்குப் பிடிக்காத காரியம். வீட்டுத் தொலைபேசியை வெட்டிவிட்டேன். எதுவானாலும் கடிதத்திலேயே எழுது.

மருமகளுக்கு என் ஆசி.

உன் அண்ணன்,
நவரட்ணம்

*

மார்செய்
12-05-1996

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சந்தோஷத்தில் அன்று கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். உங்களுக்குச் சாப்பாடு, நித்திரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா? அதை ஒரு வரியாவது எழுதக்கூடாதா?

மண்டபம் சென் சார்ல் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மேட்டுத் தெருவில் இருக்கிறது. வாசல் கிழக்குப் பார்த்தது. எதிரே ஒரு பேக்கரி, பச்சைக் கதவு. ஒன்பது மணிக்குக் கார் வரும். பத்து மணிக்கு நல்ல நேரம். அழைப்பிதழில் உங்கள் பெயரைப் பொன் எழுத்தில் அடித்திருக்கிறோம்: "தாய்மாமன் திரு. நவரட்ணம், கனடா." நிலாணி உங்கள் குடியுரிமைப் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறாள். "மாமா படத்திலயும் ஏன் கோவமா நிக்கிறார்?" என்று கேட்கிறாள். "அது கோவமில்லையடி, வாத்திமாரின்ர முகம்" என்று சொல்லி வைத்தேன்.

வந்து சேரும் நேரத்தை எழுதினால் இவர் நிலையத்துக்கு வருவார்.

அன்புத் தங்கை,
கமலா

*

வோபர்ன்
20-06-1996

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தைப் படுத்தபடி எழுதுகிறேன். போன வெள்ளிக்கிழமை பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டது. விமானத்தில் எட்டு மணி நேரம் இருக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஆனாலும் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கடைசி நேரத்தில் எழுந்து வந்து நின்றாலும் நிற்பேன். ஆகவே ஒன்று மட்டும் கேட்கிறேன்: என் இடத்தில் வேறு யாரையும் ஏற்பாடு செய்து வைக்காதே. தாய்மாமனுடைய இடம் கதிரை அல்ல, வந்தவன் போனவனை இருத்துவதற்கு. அன்று காலை வரை அது வெறுமையாகவே இருக்கட்டும்.

உங்கள் எல்லோருடைய நலத்தையும் விரும்பும்,
நவரட்ணம்

*

மார்செய்
22-07-1996

அன்புள்ள அண்ணைக்கு,

முதலில் உங்கள் முதுகு எப்படி என்று சொல்லுங்கள். எழுந்து நடக்கிறீர்களா? யார் சமைத்துத் தருகிறார்கள்? எண்ணெய் பூசிச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்தால் சுகம் தெரியும்.

சடங்கு கடவுள் புண்ணியத்தில் நடந்து முடிந்தது. பாரிஸிலிருந்து ஒரு வான் நிறைய ஆட்கள் வந்தார்கள். கொஞ்சம் நேரம் பிந்திவிட்டது, வேறொன்றும் இல்லை. நிலாணிக்குத்தான் முகம் சரியில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் வர முடியவில்லையே என்று ஒருபோதும் மனவருத்தப்பட வேண்டாம். உடம்புதான் முக்கியம்.

படங்கள் கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

தங்கை,
கமலா

*

வோபர்ன்
18-08-1996

கமலாவுக்கு,

என் முதுகுக்கு ஒன்றுமில்லை. ஒருபோதும் ஒன்றும் இருந்ததில்லை.

ஜூலை பத்தாம் திகதி புதன்கிழமை நான் உன் ஊரில் வந்து இறங்கினேன். பாரிஸ் வரை ஆக மலிவான விமானம்; பிறகு ரயில். நிலையத்துக்குக் கீழே ஒரு சந்தில் அறை எடுத்தேன். மூன்றாம் மாடி. யன்னல் இல்லை. குளிப்பதற்குக் கீழே இருக்கும் கிழவியிடம் சாவி கேட்க வேண்டும். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தருவாள். அங்கிருந்து உன் வீட்டுக்கு இருபது நிமிட நடை. நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

என் வாழ்க்கையில் விடுமுறை என்று ஒன்று இருந்தால் அது அந்த மூன்று நாட்கள்தான். காலையில் பழைய துறைமுகத்துக்குப் போவேன். மேசைகளில் மீன்கள் இன்னும் துடித்துக்கொண்டிருக்கும். பெண்கள் தொண்டை கிழியக் கத்தி விற்பார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்து ஒரு கணவாயை முகத்துக்கு நேரே காட்டினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அரை நீளப் பாண், இரண்டு தக்காளி, ஒரு டின் சாளை மீன். இவற்றோடு துறைமுகச் சுவரில் இருந்து நாள் முழுவதும் சனத்தைப் பார்க்கலாம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும் சின்னப் படகில் ஒரே நாளில் ஆறு தரம் போய் வந்தேன். பையன்கள் பாறையிலிருந்து தலைகீழாகக் கடலில் குதித்தார்கள். அல்ஜீரியக் கிழவர்கள் தெருவில் கதிரை போட்டுச் சண்டை பிடித்தார்கள். இவ்வளவு சத்தமான, இவ்வளவு வெளிச்சமான ஊர் இது என்பது எனக்குத் தெரியாமல் போயிருந்தது. முதல் தரம் வந்தபோது நான் பார்த்ததெல்லாம் உன் வீட்டுக் கதவும் நிலையத்தின் படிகளும் மட்டும்தானே.

வெள்ளிக்கிழமை சந்தையில் உன்னைக் கண்டேன். ஆபிரிக்கன் கடையில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாய். ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கினாய். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் நான் நின்றேன். கைநீட்டித் தொடக்கூடிய தூரம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பச்சைக் கதவு பேக்கரியின் முன்னால் தொப்பியோடு நின்றேன். நீ எழுதிய விவரம் எல்லாம் சரியாக இருந்தது. கார் வந்தது. உன் கணவன் தங்கத்துரை நன்றாகக் கொழுத்திருக்கிறான். பிள்ளை சிவப்புச் சேலையில் இறங்கினாள். அம்மாவின் நெற்றி. பத்து மணியானது. பத்தரையானது. நீ இரண்டு முறை வாசலுக்கு வந்தாய். தெருவின் அந்தத் தொங்கலையும் இந்தத் தொங்கலையும் பார்த்தாய். எதிரே பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு நான் புறப்பட்டுப் போய்க் கடலில் குளித்தேன். தண்ணீர் நல்ல சூடு.

"உங்களைக் கண்டு பதினொரு வருடம்" என்று எழுதியிருந்தாய். சங்கிலி போட்ட கதவின் இடுக்கால் பார்ப்பதையும் காண்பது என்றா சொல்கிறாய்? எண்பத்தைந்தாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், எட்டு நாள் குளிக்காதவனாக இத்தாலியிலிருந்து உன் வாசலுக்கு வந்தேன். "அண்ணை, இண்டைக்கு வேண்டாம், நாளைக்கு வாங்கோ" என்றாய். உன் கணவன் உள்ளே இருந்து சொல்லிக்கொடுத்த வார்த்தை அது என்பது எனக்குத் தெரியும். நாளைக்கு நான் எங்கே இருந்தேன்? நிலையத்துப் படிகளில் பொலிஸ் பிடித்தது. கொழும்புக்கு ஏற்றினார்கள். ஐந்து மாதம் உள்ளே இருந்தேன். அந்த ஐந்து மாதத்துக்குள்தான் அம்மா செத்தா. பெற்ற மகன் இருக்க, அவவுக்குக் கொள்ளி வைத்தவன் பக்கத்து வீட்டுப் பொன்னம்பலம். அதைப் பற்றி ஒரு கடிதத்திலாவது நீ ஒரு சொல் எழுதினாயா?

இப்போது நான் கேட்கிறேன். தேங்காயை யார் உடைத்தது? அதை மட்டும் எழுது.

நவரட்ணம்

*

மார்செய்
06-10-1996

அன்புள்ள அண்ணைக்கு,

மூன்று மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. வருத்தம் கூடிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. உங்கள் கட்டிடத்தில் தமிழ் ஆட்கள் இருந்தால் அவர்களைக் கொண்டாவது இரண்டு வரி எழுதிப் போடுங்கள். இவர் போன கிழமை பாரிஸ் போனபோது பிள்ளையார் கோவிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்து வந்தார். விபூதி இதற்குள் வைத்திருக்கிறேன்.

படங்கள் நான்கு அனுப்புகிறேன். சிவப்புச் சேலை அம்மாவின் சாயலைக் காட்டுகிறது, பாருங்கள். நிலாணி இப்போது என்னைவிட உயரம். பள்ளிக்கூடத்தால் எனக்கு முதல் வீட்டுக்கு வந்துவிடுவாள். சோற்றையும் அவளே போட்டு வைக்கிறாள்.

வேலையில் அதிகம் குனிய வேண்டாம்.

தங்கை,
கமலா

*

வோபர்ன்
27-10-1996

கமலா,

நீ இவ்வளவு கெட்டிக்காரி என்று நான் எண்ணியதில்லை. நான் கத்தியை எடுத்துக் காட்டுகிறேன். நீ அதை வாங்கி விபூதி தடவித் திருப்பி அனுப்புகிறாய். ஓகஸ்ட் மாதத்துக் கடிதம் கிடைக்கவில்லை என்று நடிக்கிறாயா? அதற்குப் பிறகு செப்டெம்பரில் எழுதியது எங்கே? இல்லாத என் முதுகுக்கு அர்ச்சனையா?

நான்கு படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிள்ளை இருக்கிறாள், நீ இருக்கிறாய், குடம் இருக்கிறது. தேங்காய் உடைக்கிற படம் இல்லை. எடுத்து வைத்துவிட்டாய். ஏன்? எந்தக் கூலிக்காரனைத் தெருவிலிருந்து பிடித்து வந்தாய்? அல்லது தகப்பனே உடைத்தானா, பார்த்தவர்கள் வாய் பொத்திச் சிரித்தார்களா?

வேலைக்குப் போகும் வழியில் எங்கள் காரில் வரும் சீமோன் கேட்கிறான், "என்ன மாஸ்ரர், உங்களுக்குள்ளயே கதைக்கிறியள்?" என்று. உன் பதில் வராமல் எனக்குள் வேறென்ன கதைப்பது?

பெயரை எழுது. ஒரு பெயர்தான் கேட்கிறேன்.

நவரட்ணம்

*

மார்செய்
20-11-1996

மாமாவுக்கு,

நான் நிலாணி எழுதுறன். அம்மாதான் எனக்குத் தமிழ் எழுதப் பழக்கினவா. பிழை இருந்தால் குறை நினைக்க வேண்டாம். நான் சுகம். நீங்களும் சுகம் எண்டு எனக்குத் தெரியும்.

உங்கட மூண்டு கடிதமும் அம்மா காணேல்லை. தபால் பெட்டிச் சாவி என்னட்டைத்தான் இருக்கு. நான்தான் எடுத்தனான். முதல் கடிதம் வந்த அண்டைக்கு எனக்குப் பயமாக் கிடந்தது, அதால உடைச்சு வாசிச்சன். விளங்காத சொல்லுகளை அல்பேட் மாமாட்டைக் கேட்டன், கடிதத்தைக் காட்டேல்லை. வாசிச்சுப்போட்டு அம்மாட்டைக் குடுக்கேலாமல் போச்சு.

நான் அண்டைக்கு உங்களைக் கண்டனான். காரால இறங்கேக்கை நேர பேக்கரிக்கு முன்னால நிண்டனீங்கள். படத்தில இருக்கிற அதே முகம். நான் கை காட்டினன். நீங்கள் என்னைப் பாத்தனீங்கள். பிறகு மற்றப் பக்கம் திரும்பினீங்கள். உங்கட கடிதத்தில எல்லாம் எழுதியிருக்கு, மீன் எழுதியிருக்கு, படகு எழுதியிருக்கு, அது மட்டும் எழுதேல்லை.

நீங்கள் சர்ப்ரைஸா உள்ளுக்கு வரப்போறியள் எண்டு நினைச்சன். அதைக் கெடுக்கக்கூடாது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஐயர் நேரம் போகுது எண்டு சொல்ல, நான் எழும்ப மாட்டன் எண்டு இருந்தன். அம்மா கெஞ்சினவா. அப்பா எல்லாருக்கும் முன்னால ஏசினவர், "என்னடி உனக்குப் பிடிவாதம், மாமா அங்க கட்டில்ல கிடக்கிறார்" எண்டு. ஒரு மணித்தியாலம் இருந்தன். பிறகு எழும்பி வாசலுக்குப் போய் நானே பாத்தன். பேக்கரிக்கு முன்னால ஒருத்தரும் இல்லை.

தேங்காய் உடைச்சது கீழ் வீட்டு அல்பேட் மாமா. பாண்டிச்சேரி ஆள், சேர்ச்சுக்குப் போற வேதக்காரர், துறைமுகத்தில வேலை செய்தவர். அவருக்கு உடைக்கத் தெரியாது. மூண்டு தரம் அடிச்சும் உடையேல்லை, நாலாந்தரம் தண்ணி முழுக்க ஐயருக்கு மேல. எல்லாரும் சிரிச்சவை. கடைசியில நானும் சிரிச்சன். முந்தி அவரை மிசியே எண்டு கூப்பிடுவன். இப்ப மாமா எண்டுதான் கூப்பிடுறன். நீங்கள் கேட்ட பெயர் அதுதான்.

அம்மா உங்களை நினைச்சு அழுறவா. நல்ல கடிதமா எழுதுங்கோ. முதுகு சுகம் எண்டு எழுதுங்கோ. அப்பிடி எழுதினால் மேசையில வைப்பன். வேற மாதிரி எழுதினால் கிழிப்பன்.

நிலாணி

*

வோபர்ன்
08-12-1996

கமலாம்பிகைக்கு,

இது கையெழுத்து வைத்து நேரில் வாங்க வேண்டிய பதிவுத் தபால். ஆகவே உன் கைக்குத்தான் வரும். பதின்மூன்று வயதுக் கள்ளியின் கைக்குப் போகாது.

உன் மகள் எனக்கு எழுதிய கடிதத்தை இதற்குள் வைத்திருக்கிறேன். என் ஓகஸ்ட் கடிதத்தின் பிரதியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசி. தாய்க்கு வரும் தபாலைத் திருடி உடைத்து, தாய்மாமனுக்கு நிபந்தனை போடுகிற பிள்ளையை வளர்த்திருக்கிறாய். அவளைக் கண்டித்து வைப்பது உன் கடமை. அவள் உன்னிடம் எத்தனை மாதம் முகம் பார்த்துப் பொய் சொன்னாள் என்பதை எண்ணிப் பார்.

அவள் கை காட்டியது எனக்கு ஞாபகமில்லை.

எனக்கு ஒரு பதில் வர வேண்டும். இந்த முறை உன்னிடமிருந்து.

நவரட்ணம்

*

மார்செய்
05-01-1997

அண்ணைக்கு,

தபாற்காரர் கதவில் விட்டுப்போன சீட்டு என் கையில்தான் கிடைத்தது; உங்கள் பதிவுத் தபாலை வாங்கத் தபாற் கந்தோருக்குப் போனேன். அங்கேயே ஒரு மர வாங்கில் இருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். வாசித்து முடித்தபோது வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்திவிட்டது. கடிதங்கள் வீட்டுக்கு வரவில்லை. அங்கே இருந்த குப்பைத் தொட்டியில் துண்டு துண்டாகப் போட்டேன். பிள்ளையின் கடிதத்தை மட்டும் வேலையிடத்தில் என் உடுப்புகளோடு மடித்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு நான் பதில் சொல்ல வேண்டும். எண்பத்தைந்தில் உள்ளே இருந்து எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. இவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். கதவுக்குப் பின்னால் நானும் இரண்டு வயதுப் பிள்ளையும்தான். அதற்கு இரண்டு நாள் முன்னர் எங்கள் கட்டிடத்தில் ஒருவரை ஒளித்து வைத்த குடும்பத்தையே பொலிஸ் ஏற்றிப் போயிருந்தது. எங்கள் அகதி விசாரணை அடுத்த கிழமை. எனக்குப் பயம். சங்கிலியைப் பிடித்திருந்தது என் கை. பின்னேரம் இவர் வந்து கேள்விப்பட்டதும் நிலையத்துக்கு ஓடினார், நீங்கள் இல்லை. பிறகு நீங்கள் இவரைத்தான் வெறுக்கிறீர்கள் என்று விளங்கியபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது. அம்மாவின் கொள்ளியைப் பற்றி எழுத எத்தனையோ தரம் பேனா எடுத்தேன். எழுதவில்லை. அது என் குற்றம். மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்கக்கூடிய காலத்தில் கேட்கவில்லை.

அதற்காக நீங்கள் எனக்கு எதைச் செய்திருந்தாலும் வாங்கியிருப்பேன். மூட்டைக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள்; சரி. என்னைத் தெருவைப் பார்த்து ஏங்க வைத்தீர்கள், அதுவும் சரி. நான் மூடிய கதவுக்கு நீங்கள் திறக்காத வாய். ஆனால் பிள்ளை உங்களுக்குக் கை காட்டினாள், அண்ணை. உங்களுக்கு அது ஞாபகமிருக்கிறது. ஞாபகம் இல்லாதவர் அதை ஒரு தனி வரியாக எழுத மாட்டார்.

நிலாணியைக் கண்டிக்கச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு நாளும் நான் வேலையால் வரும்போது அவள் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிற்பாள். "இண்டைக்கும் ஒண்டும் வரேல்லை அம்மா" என்று சொல்லி என் முகத்தைப் பார்ப்பாள். முந்தி அது களைப்பு என்று நினைத்தேன். இப்போது அது என்ன என்று தெரிகிறது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியவும் மாட்டாது. அவள் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்றே வளரட்டும்.

அவள் கேட்டபடி நல்ல கடிதம் எழுதிப் போடலாம் என்று உங்களுக்குத் தோன்றினால், வேண்டாம். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு வரியும் போடாதீர்கள். பதிவுத் தபால் வந்தால் கையெழுத்து வைக்க மாட்டேன்.

ஆனால் நான் எழுதுவதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் ஏன் என்று அவள் யோசிப்பாள். நான் எழுதுவதை அவள் பக்கத்தில் இருந்து வாசிக்கிறவள். கடித உறையை ஒட்டுகிறவளும் அவள். இதை மட்டும் வேலையிடத்தில் இருந்து எழுதுகிறேன். ஆகவே உங்கள் சுகத்தை விசாரிப்பேன், பனியைப் பற்றிக் கேட்பேன், அன்புள்ள அண்ணைக்கு என்று தொடங்குவேன். அதெல்லாம் அவளுக்காக எழுதுவது. நீங்கள் உடைக்காமலே வைக்கலாம்.

உங்களுக்கென்று நான் எழுதும் கடைசிக் கடிதம் இது. அடுத்த மாதமும் கடிதம் வரும்.

கமலாம்பிகை